1993-ல் திட்டிய ஆல்பத்தை இன்று ஏன் கொண்டாடுகிறார்கள்?

நீங்கள் கேட்டிருப்பது இது. ரீல்ஸ் வழியாக விஸ்ப் என்ற பாடகியைக் கேட்டு, அங்கிருந்து ஸ்லோடைவ் என்ற பழைய ஆங்கிலக் குழுவுக்கு வந்திருக்கிறீர்கள். அவர்களுடைய 1993 ஆல்பமான சூவ்லாக்கி உங்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தேடிப் பார்த்தால், வெளிவந்த காலத்தில் பிரிட்டிஷ் பத்திரிகை அதைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறது. இன்றோ ஷூகேஸ் (கிட்டார் ஒலிக்குள் குரல் கரைந்துபோகும் ராக் வகை) பட்டியல் எதை எடுத்தாலும் அது மேலே நிற்கிறது. அப்படியானால் யார் சொன்னது பொய், இந்த மாதிரி புதிதாக வரும் குழுக்களுக்கு விமர்சகர்களை நம்புவதா ரசிகர் கூட்டத்தை நம்புவதா என்பது உங்கள் கேள்வி. கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: “என் ரூம்மேட் கேட்டுவிட்டு, பாடுவது ஒன்றும் புரியவில்லையே, ரெக்கார்டிங் சரியில்லையோ என்கிறான்.” உண்மையில் நீங்கள் கேட்க வந்தது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது. எனக்குப் பிடித்தது சரிதானா, அல்லது பழசுக்கு இப்போது வந்திருக்கும் மவுசில் நானும் ஏமாறுகிறேனா?

நான் ஒலிக்கலவை செய்பவன். ஸ்டுடியோவிலும் மேடையிலும் பல வருடமாக மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் கொஞ்ச காலம் ஆல்பம் விமர்சனமும் எழுதியிருக்கிறேன். அதனால் ஒலியைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். 1990-களின் லண்டனில் நான் இருந்ததில்லை. அந்தப் பகுதியெல்லாம் படித்ததும், அன்றைய விற்பனைத் தரவரிசைகளைப் பார்த்ததும்தான்.

முதலில் சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியவை. ஸ்லோடைவ் 1989-ல் லண்டனுக்கு மேற்கே இருக்கும் ரெடிங் நகரில் தொடங்கியது. அதில் பாடி, கிட்டார் வாசிக்கும் நீல் ஹால்ஸ்டெடும் ரேச்சல் காஸ்வெல்லும் சின்ன வயதிலிருந்தே நண்பர்கள். இதற்கு முன்னால் பம்ப்கின் ஃபேரீஸ் என்ற பெயரில் சாதாரண இண்டி பாப் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கிரியேஷன் ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனம் அவர்களை எடுத்துக்கொண்டபோது எல்லாருக்கும் இருபதை ஒட்டிய வயது. 1990 நவம்பரில் முதல் இ.பி. (சில பாடல்கள் மட்டும் உள்ள சின்ன வெளியீடு), 1991-ல் அடுத்தடுத்து இன்னும் இரண்டு. வார இதழ்கள் தூக்கி வைத்துக் கொண்டாடின. அன்றைய பிரிட்டனில் என்எம்ஈ, மெலடி மேக்கர், சவுண்ட்ஸ் என்று மூன்று இசை வார இதழ்கள் ஏறக்குறைய ஒரே வாசகர்களுக்காக முட்டி மோதிக்கொண்டிருந்தன. சவுண்ட்ஸ் 1991 ஏப்ரலில் மூடப்பட்டது. வாராவாரம் ஒரு புது முகம் வேண்டும், வாராவாரம் ஒரு சண்டையும் வேண்டும். ஒரே குழு ஒரு வருடத்தில் புது முகமாகவும் அடுத்த வருடத்தில் சண்டைக்கான சாக்காகவும் ஆவது அங்கே சகஜம்.

ஷூகேஸ் என்ற பெயரே ஒரு நக்கலில் பிறந்ததுதான். மூஸ் என்ற குழுவின் கச்சேரியைப் பற்றி சவுண்ட்ஸில் வந்த குறிப்பு, பாடகர் தரையில் ஒட்டி வைத்த வரிகளைக் குனிந்து பார்த்தே பாடினார் என்று கிண்டலடித்தது. மற்ற குழுக்களிலும் கிட்டார் வாசிப்பவர்கள் காலடியில் உள்ள, ஒலியை மாற்றும் பெடல்களைப் பார்த்தபடியே நின்றதால் அது எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டது. மெலடி மேக்கரின் ஸ்டீவ் சதர்லண்ட் வைத்த பட்டம் இன்னும் குத்தலானது: தன்னைத்தானே கொண்டாடிக்கொள்ளும் கூட்டம். இந்தக் குழுக்காரர்கள் ஒருவர் கச்சேரிக்கு மற்றவர் போவார்கள், சேர்ந்து குடிப்பார்கள். செய்த குற்றம் அவ்வளவுதான். தென் இங்கிலாந்தின் வசதியான வீட்டுப் பிள்ளைகள், சொல்வதற்கு இவர்களிடம் என்ன இருக்கிறது என்ற வர்க்கக் கோபமும் கூடவே இருந்தது. வேல்ஸின் பழைய சுரங்க ஊரிலிருந்து வந்த மேனிக் ஸ்ட்ரீட் ப்ரீச்சர்ஸ் குழுவின் ரிச்சி எட்வர்ட்ஸ், ஹிட்லரைவிட ஸ்லோடைவை அதிகம் வெறுப்பதாகச் சொன்னது இன்றுவரை எடுத்துப் பேசப்படுகிறது. இந்த வசவுகளில் ஒன்றாவது இசையைப் பற்றியதா என்று பாருங்கள். நிற்கும் விதம், நண்பர்கள், பிறந்த ஊர், வீட்டு வசதி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முதல் ஆல்பம் ஜஸ்ட் ஃபார் எ டே 1991 செப்டம்பரில் வந்து பிரிட்டிஷ் ஆல்பம் வரிசையில் 32-ஆம் இடம் பிடித்தது. புதுக் குழுவுக்கு அது நல்ல இடம்தான். ஆனால் அதற்கு இரண்டே மாதத்தில், அதே நிறுவனத்திலிருந்து, மை ப்ளடி வாலன்டைன் குழுவின் லவ்லெஸ் ஆல்பம் வந்துவிட்டது. இந்த வகை இசைக்கு அளவுகோலே அதுதான் என்று ஆகிப்போன பிறகு, மற்ற எல்லாரும் அதன் நிழலில் நின்றுதான் மார்க் வாங்க வேண்டியிருந்தது. இரண்டாவது ஆல்பத்துக்காக ஹால்ஸ்டெட் கொண்டுபோன பாடல்களை கிரியேஷனின் தலைவர் ஆலன் மெகீ மொத்தமாக நிராகரித்தார். அதே சமயத்தில் காதலர்களாக இருந்த ஹால்ஸ்டெடும் காஸ்வெல்லும் பிரிந்தார்கள். ஹால்ஸ்டெட் வேல்ஸில் ஒரு தனி வீட்டில் போய்த் தங்கி, பிரிவைப் பற்றி இன்னும் நேரடியான, எலும்பும் தோலுமான பாடல்களோடு திரும்பினார். பிரபல இசைத் தயாரிப்பாளர் பிரையன் ஈனோவிடம் ஆல்பத்தைத் தயாரித்துத் தரக் கேட்டார்கள். அவர் தயாரிக்க மறுத்து, சில நாள் சேர்ந்து வாசிக்கச் சம்மதித்தார். இரண்டு பாடல்களில் அவர் பங்கு இருக்கிறது.

அப்படி உருவான சூவ்லாக்கிக்கு மெலடி மேக்கரில் டேவ் சிம்ப்சன் எழுதிய விமர்சனத்தைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஆன்மா இல்லாத வெற்றிடம் என்றார். இதை மறுபடி கேட்பதைவிடக் குளியல் தொட்டி நிறையக் கஞ்சியில் மூழ்கிச் சாவது மேல் என்றார். ஆனால் அதே நேரத்தில் என்எம்ஈ-யில் ஜான் மல்வி எழுதியது வேறு மாதிரி. இந்த ஒலிக்குக் காலம் போய்விட்டது, மனம் நிறையவில்லை என்ற குறையைச் சொன்னாலும், நேர்த்தியான வேலை என்று ஒப்புக்கொண்டார். ஆக, “அன்றைய விமர்சகர்கள் எல்லாரும் திட்டினார்கள்” என்ற கதையே முழுசாகச் சரியில்லை. ஒருவர் கடித்துக் குதறினார், மற்றவர் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். கஞ்சி விமர்சனம் சுவையாக இருப்பதால் அது மட்டும் முப்பது வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் விமர்சனம் எழுதிய நாட்களிலும் இதைக் கண்கூடாகப் பார்த்தேன். நிதானமாக எழுதியதை யாரும் பகிர மாட்டார்கள், ஒரு திட்டு வாக்கியம் வாராவாரம் திரும்பி வரும்.

ஆல்பம் 51-ஆம் இடத்தோடு நின்றது. 1995 பிப்ரவரியில் மூன்றாவது ஆல்பம் பிக்மேலியன் வந்த வேகத்தில் கிரியேஷன் அவர்களைக் கைகழுவியது. இங்கேதான் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரிக்க வேண்டும். விமர்சனம் மோசமாக வந்தது உறுதி, விற்பனை சரிந்தது உறுதி. முதலாவது இரண்டாவதற்குக் காரணமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை. பத்திரிகைகள் இந்தக் கூட்டத்தின் மேல் குளிர்ந்துபோன பிறகும், 1992 ஜனவரியில் லஷ் குழுவின் ஸ்பூக்கி 7-ஆம் இடத்துக்கும், மார்ச்சில் ரைட் குழுவின் இரண்டாவது ஆல்பம் 5-ஆம் இடத்துக்கும் போயின. பத்திரிகை முகத்தைச் சுளித்ததும் ஜனங்கள் ஓடிவிடவில்லை. 1993-க்குள் மாறியது வேறு. அந்த மார்ச்சில் ஸ்வேட் என்ற குழுவின் முதல் ஆல்பம் நேராக முதலிடத்தில் இறங்கியது. கேமராவைப் பார்த்துப் பாடும், இடுப்பை ஆட்டும், வம்பிழுக்கும் பாடகர்களின் காலம் அது. சூவ்லாக்கி பிரிட்டனில் வந்து பல மாதம் கழித்து, 1994-ல்தான் அமெரிக்காவில் எஸ்பிகே நிறுவனம் வெளியிட்டது; சுற்றுப்பயணத்துக்கான பணத்தையும் பாதியில் நிறுத்தியது. கிரியேஷனோ பணமுடையில் 1992-லேயே பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கை சோனியிடம் விற்றிருந்தது. லவ்லெஸ் பதிவுக்கு இரண்டரை லட்சம் பவுண்டு கரைந்தது என்பார்கள். அந்தத் தொகையை அதை உருவாக்கிய கெவின் ஷீல்ட்ஸே மறுக்கிறார், அதனால் அந்த எண்ணை நான் நம்பச் சொல்ல மாட்டேன். இத்தனைக்கும் நடுவில் ஒரு விமர்சகரின் கஞ்சித் தொட்டி குழுவைக் கவிழ்த்தது என்பது பத்திரிகைக்காரர்களே தங்களுக்குத் தேவைக்கு மேல் கொடுத்துக்கொள்ளும் மரியாதை.

சரி, இசைக்கு வருவோம். இந்த வகையில் புதுக் குழுவுக்கு வரும் முதல் வரவேற்பு ஏன் திரும்பத் திரும்ப இரண்டாகப் பிளக்கிறது? என் தொழிலிலிருந்து பார்த்தால் காரணம் மிக எளிது. மனிதக் குரலில் சொற்களைப் புரியவைக்கும் பகுதி ஏறக்குறைய 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை. டிஸ்டார்ஷன் போட்ட கிட்டாரின் மேல்சுரங்கள் வந்து குவிவதும் அதே இடத்தில்தான். வழக்கமான பாப் மிக்ஸில் கிட்டாரை அந்த இடத்தில் கொஞ்சம் குடைந்து எடுத்துக் குரலுக்கு வழி விடுவோம். ஷூகேஸில் வேண்டுமென்றே வழி விடுவதில்லை. குரலின் ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை) இறக்கி, நீண்ட ரிவர்ப், அதாவது எதிரொலி, போட்டு, கிட்டாரோடு ஒன்றாகக் கரைத்துவிடுவார்கள். ஸ்லோடைவ் பயன்படுத்திய யமஹா எஃப்எக்ஸ்500 என்ற சின்னப் பெட்டியில் சாஃப்ட் ஃபோகஸ் என்றொரு அமைப்பு உண்டு. ஒரு சுரத்தை மீட்டினால் அதன் முனை மழுங்கி, தாமதமாகத் திரும்பி வரும் நிழல்கள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து, எங்கே தொடங்கியது என்றே தெரியாத ஒரு பரப்பாக அது மாறும். இன்று அந்த ஒரு ஒலியைப் போலி செய்து தனிப் பெடலே விற்கிறார்கள். ஆக, உங்கள் ரூம்மேட் கேட்டது கேட்டபடி சரி. ரெக்கார்டிங் சரியில்லை என்ற முடிவு மட்டும் தவறு. அப்படி வர வேண்டும் என்றே செய்தது அது.

இதை ஆல்பத்தில் செய்வது சுலபம், மேடையில் செய்வது கொடுமை. அன்றைய விமர்சகர்கள் இந்தக் குழுக்களை முதலில் பார்த்தது பப்களின் பின்னறைகளிலும் சிறிய அரங்குகளிலும். அங்கே கிட்டார் ஆம்ப்கள் (கிட்டாரின் ஒலிபெருக்கிகள்) மேடையிலிருந்தே அறையை நிரப்பிவிடும், அதை மிக்ஸரில் குறைக்க வழியில்லை. பாடுபவரோ கிசுகிசுப்பாகப் பாடுகிறார். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் நின்று காதில் ரகசியம் சொல்கிற கதைதான். மைக்கின் கெய்னை ஏற்றினால் குரலோடு சேர்ந்து பக்கத்து ஆம்பும் டிரம்ஸும் உள்ளே வரும், இன்னும் ஏற்றினால் ஃபீட்பேக் ஊளையிடும். பொறியாளர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இதே நிலையில் நானும் நின்றிருக்கிறேன். ஒரு சிறிய அரங்கில் இப்படிப்பட்ட ஒரு குழுவுக்கு மிக்ஸிங் செய்தபோது, குரலுக்கான ஃபேடர் முக்கால்வாசி மேலே இருந்தும் முன்வரிசையில் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. கிட்டார் ஆம்பைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்த பிறகுதான் பாடகி பாடுகிறார் என்பதே தெரிந்தது. அப்படியொரு இரவில் அந்தப் பக்கம் நிற்கும் விமர்சகர், குரல் இல்லை, அசைவு இல்லை, பாட்டும் இல்லை என்று எழுதினால் அவர் காதில் விழுந்ததைத்தான் எழுதுகிறார். இன்று காதுக்குள் பொருத்தும் மானிட்டர், டிஜிட்டல் மிக்ஸர், பின்திரையில் ஓடும் ஒளிப்படங்கள் எல்லாம் வந்துவிட்டன. திரும்பி வந்த ஸ்லோடைவின் கச்சேரிகளைப் புகழ்ந்து எழுதப்படுவதில் பழைய பாசம் கொஞ்சம், இந்தக் கருவிகளின் புண்ணியம் நிறைய.

ரூம்மேட்டுக்காக ஒரு வார்த்தை. நம் காது வளர்ந்த விதம் வேறு. தமிழ்ச் சினிமாப் பாட்டில் குரல் எப்போதும் எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருக்கும். வரி புரியவில்லை என்றால் அது மிக்ஸிங் செய்தவரின் தோல்வி. இயக்குநர் வந்து உட்கார்ந்து “வாய்ஸைக் கொஞ்சம் ஏத்துங்க” என்று சொல்லாத செஷனை நான் பார்த்ததே குறைவு. அதில் பழகிய காதுக்குக் குரல் புதைந்த பாட்டு அரைகுறையாகத்தான் படும். அது ரசனைக் குறைவு இல்லை, பழக்கம். ஹெட்போனில், கொஞ்சம் சத்தமாக, வரியைத் தேடாமல் இரண்டு பாட்டு கேட்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அடிதடி வேண்டாம்.

அப்புறம், அந்த மறுமதிப்பு எப்படி வந்தது? விமர்சகர்கள் ஒருநாள் கண்விழித்துத் திருந்தினார்கள் என்று எண்ண வேண்டாம். முதலில் திரும்பி வந்தவர்கள் இசைக்காரர்கள். 2002-ல் பெர்லினின் மோர் மியூசிக் நிறுவனம், மின்னணு இசைக்கலைஞர்கள் பலர் ஸ்லோடைவ் பாடல்களைத் தங்கள் பாணியில் மீட்டுருவாக்கிய ஒரு தொகுப்பை வெளியிட்டது. கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு லேப்டாப் எடுத்தவர்களுக்கு, இவர்கள் கிட்டாரை வைத்துச் செய்ததும் தாங்கள் செய்வதும் ஒன்றுதான் என்று பட்டது. அமெரிக்க சினிமா இயக்குநர் கிரெக் அராக்கி தன் படங்களில் இவர்களுடைய பாடல்களை விடாமல் பயன்படுத்தினார். பிறகு எதிர்பாராத திசையிலிருந்து, பிளாக் மெட்டல் என்ற கடுமையான ராக் வகைக்காரர்கள் வந்தார்கள். பிரான்ஸின் அல்செஸ்ட் 2014 ஆல்பத்தில் ஹால்ஸ்டெடையே ஒரு பாட்டு பாட வைத்தது. அதே 2014-ல் ஸ்லோடைவ் பார்சலோனாவின் ப்ரிமவேரா விழாவில் மறுபடி மேடையேறியது. 2016-ல் பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளம் போட்ட சிறந்த ஷூகேஸ் ஆல்பங்களின் பட்டியலில் லவ்லெஸுக்கு அடுத்து இரண்டாவது இடம் சூவ்லாக்கிக்கு. 2017-ல் வந்த புது ஆல்பம் பிரிட்டனில் 16-ஆம் இடம், 2023-ல் வந்த எவ்ரிதிங் இஸ் அலைவ் 6-ஆம் இடம். இளமையில் தொடாத உயரத்தை ஐம்பது வயதில் தொட்டார்கள். இந்த வரிசையை நன்றாகப் பாருங்கள்: இசைக்கலைஞர்கள், பிறகு படக்காரர்கள், பிறகு ரசிகர்கள், கடைசியில்தான் பட்டியல் போடுபவர்கள்.

இப்போது உங்கள் காலத்துக்கு. விஸ்ப் விஷயம் இதற்கு நேர் தலைகீழ். சான் பிரான்சிஸ்கோவில் கல்லூரி மாணவியாக இருந்தபோது, இணையத்தில் கிடைத்த ஒரு பின்னணி இசையின் மேல், சாதாரண வயர் இயர்போனின் மைக்கில் பாடிப் போட்ட பாட்டு 2023-ல் டிக்டாக்கில் பற்றிக்கொண்டது. விமர்சகர் யாரும் வாய் திறப்பதற்கு முன்னால் லட்சக்கணக்கான பேர் கேட்டாயிற்று. இன்டர்ஸ்கோப் போன்ற பெரிய நிறுவனமும் ஒப்பந்தம் போட்டாயிற்று. பிறகுதான் சண்டை: இது தானாக வந்த புகழா, பெரிய நிறுவனம் ஏற்றிவிட்டதா? கொஞ்சம் முன்னே மறந்துவிடாதீர்கள் என்று சொன்னதை இங்கே எடுத்துப் பாருங்கள். 1991-ல் வீட்டு வசதி, இன்று நிறுவனத்தின் பெயர். வசவின் சாக்கு மாறியிருக்கிறது, பேச்சு இன்னும் பாட்டைத் தொடவில்லை. இன்னொரு உதாரணம், தென் கொரியாவின் சியோலில் பெயரை வெளியிடாமல் இசை செய்யும் பரன்னோல். 2021-ல் தனியாக, கம்ப்யூட்டரில் உள்ள போலிக் கிட்டார்களை வைத்து ஒரு ஆல்பம் செய்து, இசைக்காரர்கள் நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் போட்டார். ரசிகர்கள் தாங்களே மதிப்பெண் போடும் ரேட் யுவர் மியூசிக் தளத்தில் அது மளமளவென்று மேலே ஏறிய பிறகுதான் பெரிய விமர்சனத் தளங்கள் கவனித்தன. அந்த ஆல்பத்தின் கிட்டார் ஒலி, தொழில்முறைக் காதுக்குக் கரகரவென்று உடைகிறது. எங்கள் ஸ்டுடியோவில் யாராவது அப்படிக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பியிருப்போம். ஆனால் அந்த உடைசல்தான் அதன் உணர்ச்சி என்று கேட்டவர்கள் பிடித்துக்கொண்டார்கள், நியாயமாகத்தான்.

ஆகவே யாரை நம்புவது என்பதற்குப் பதில் சொல்லும் முன், இருவரிடமும் எதைத்தான் கேட்டு வாங்க முடியும் என்று பார்க்க வேண்டும். விமர்சனத்தில் நான் தீர்ப்பை ஒதுக்கிவிட்டு வர்ணனையை மட்டும் எடுத்துக்கொள்வேன். “குரல் புதைந்திருக்கிறது”, “எல்லாப் பாட்டும் ஒரே வேகத்தில் போகிறது”, “முதல் பாதியில் மெலடி இருக்கிறது, இரண்டாம் பாதியில் ஒலி மட்டும்தான்” மாதிரி வாக்கியங்கள் முப்பது வருடம் ஆனாலும் கெடுவதில்லை. லஷ்ஷின் ஸ்பூக்கியைத் தயாரித்தது காக்டோ ட்வின்ஸ் குழுவின் ராபின் குத்ரி. அவருடைய ஒலி குழுவின் சொந்தக் குணத்தை மூடிவிட்டது என்று அன்றே குறை சொன்னார்கள். இன்று கேட்டாலும் அது உண்மை. எனக்கு அந்த ஆல்பம் பிடிக்கும், ஆனாலும் உண்மை. மல்வி சொன்ன “காலம் போய்விட்டது” என்பது 1993-க்கு மட்டும் செல்லுபடியான தீர்ப்பு. சிம்ப்சனின் கஞ்சியில் ஒலியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஒரே ஆல்பத்துக்கு வந்த விமர்சனங்களை இப்படி வடிகட்டிப் பார்த்தால் எது மிஞ்சும், எது கொட்டிப்போகும் என்று நீங்களே பார்த்துவிடலாம்.

இன்றைய விமர்சனத்துக்கு ஒரு எச்சரிக்கை கூடுதலாக உண்டு. அன்று பத்திரிகைகள் தேவைக்கு மேல் திட்டின. இன்று தேவைக்குக் குறைவாகவே திட்டுகின்றன. எழுத இடமும் சம்பளமும் சுருங்கிவிட்டன. பிட்ச்ஃபோர்க்கையே 2024 ஜனவரியில் அதன் உரிமையாளர்கள் ஜிக்யூ பத்திரிகையோடு சேர்த்துவிட்டார்கள். முகம் தெரியாத ஒரு சிறிய குழுவைத் திட்டி எழுதினால் யாருக்கும் லாபம் இல்லை. ரசிகர்கள் கூட்டமாக வந்து மொத்துவார்கள். அதனால் பிடிக்காத ஆல்பத்தைப் பற்றி எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். பாராட்டு விமர்சனம் நான்கு வந்திருக்கிறது என்பதைவிட, முதல் பாட்டு பரபரப்பானபோது எழுதிய தளங்கள் முழு ஆல்பம் வந்தபோது எழுதினவா என்று பாருங்கள். இது என் அனுபவத்தில் கண்டது, ஆராய்ச்சி முடிவு இல்லை.

ரசிகர் எண்ணிக்கைக்கும் இதே மாதிரி ஒரு வடிகட்டி வேண்டும். ஸ்பாட்டிஃபையில் முப்பது வினாடி ஓடினால் ஒரு கேட்பு. மாதாந்திரக் கேட்பாளர் என்ற எண், கடந்த 28 நாளில் எத்தனை பேர் காதில் விழுந்தது என்று மட்டும் சொல்லும். தேடி வந்தவரையும், தூங்குவதற்குப் போட்ட பிளேலிஸ்டில் நடுவே வந்து போனதைக் கேட்டவரையும் அது பிரிக்காது. ஷூகேஸுக்கு இந்தக் குழப்பம் கூடுதல், ஏனென்றால் சொல் புரியாத, ஒரே சீராகப் போகும் இசை படிக்கவும் தூங்கவும் பின்னணியாக ஓட ரொம்ப வசதி. நான் பார்ப்பது ஒரு சின்னக் கணக்கு. அந்தக் குழுவின் பரபரப்பான பாட்டின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஆல்பத்தின் ஏழாவது எட்டாவது பாட்டைப் பாருங்கள். முதல் பாட்டு கோடிகளிலும் எட்டாவது பாட்டு சில ஆயிரங்களிலும் இருந்தால், ஜனங்களுக்குப் பிடித்தது ஒரு வீடியோத் துணுக்கு. கடைசிப் பாட்டு வரை எண்ணிக்கை ஓரளவு தாங்கி நின்றால், ஆல்பத்தை உட்கார்ந்து கேட்பவர்கள் இருக்கிறார்கள். பேண்ட்கேம்பில் காசு கொடுத்து வாங்கியவர்கள் எழுதும் இரண்டு வரிக் குறிப்பு, இலவச இதயக்குறி ஆயிரத்தைவிட எனக்கு முக்கியம். கச்சேரிக்கு யார் வருகிறார்கள் என்பதும் நல்ல சாட்சி. ஸ்லோடைவின் இப்போதைய கச்சேரிகளில் முன்வரிசையில் நிற்பவர்களில் பலர் 1993-ல் பிறந்திருக்கவே இல்லை. பழைய நினைவில் வருகிற கூட்டம் என்று அவர்களைத் தள்ளிவிட முடியாது.

உங்கள் ரசனைக்கு நான் சான்றிதழ் தர முடியாது, தரவும் தேவையில்லை. ஒலிக்கலவை தெரிந்தவன் என்ற முறையில் சொல்லக்கூடியது: சூவ்லாக்கியின் மிக்ஸில் குரல், முதல் ஆல்பத்தைவிட முன்னால் இருக்கிறது, புகை குறைந்து பாட்டின் எலும்பு தெரிகிறது. மெட்டு பலமாக இருப்பதால்தான் அந்தப் பாடல்களை ஒரே கிட்டாரிலும் வாசிக்க முடிகிறது, லேப்டாப்பில் உருமாற்றவும் முடிந்தது. புதுக் குழு எதற்கும் இந்தச் சோதனையை வைத்துப் பார்க்கலாம். யாராவது பெடல் இல்லாமல் சாதாரண கிட்டாரில் அந்தப் பாட்டை வாசித்துப் போட்டிருப்பார்கள், தேடிக் கேளுங்கள். மூன்று நிமிடம் தாங்கினால் பாட்டு இருக்கிறது. தாங்கவில்லை என்றால் வெறும் ஒலியாக அது பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் கேட்கத் தகுந்த காரணம்தான். பிக்மேலியன் இந்தச் சோதனையில் தோற்றுப்போகும். அதில் பெரும்பாலும் மெட்டே கிடையாது, ஒரு சின்ன ஒலித்துண்டு சுற்றிச் சுற்றி வரும். ஆனாலும் என் கணக்கில் அவர்களுடைய மிகத் துணிச்சலான வேலை அதுதான். அதைக் கடைசியில் கேளுங்கள். அதற்கு முன், 1990-ன் முதல் இ.பி.யில் தொடங்கி வந்த வரிசையிலேயே கேட்டுவந்தால், பத்திரிகைகள் எந்த இடத்தில் பொறுமை இழந்தன என்பது உங்களுக்கே தெரியும். ரூம்மேட்டுக்கு மட்டும் சூவ்லாக்கியின் கடைசிப் பாட்டான டாகரைப் போட்டுக் காட்டுங்கள். பெரும்பாலும் ஒரு கிட்டார், ஒரு குரல், சொல் எல்லாம் கேட்கும்.